நீங்கள் கழற்றிய கண்ணாடி

பள்ளிவிட்டு வந்து பையைக் கொட்டினேன். உங்கள் கண்ணாடிக்கூடு விழுந்தது. திறந்தால் இன்னும் உங்கள் தைல வாசனை. இதை ஏன்தான் வகுப்புக்கு எடுத்துப் போனேனோ.

நீங்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அப்போது நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். காஹாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரை வெட்டிக் கொன்றவனுக்கு நீதிபதி ஆங்கிலத்தில் தூக்குத் தண்டனை விதிக்க, அதைத் தமிழில் அவனிடம் சொன்னவர் நீங்கள். அன்று சோற்றைத் தொடவில்லை. "கண்ணாடிய கழட்டிட்டேன் புள்ள. அந்தாளு மூஞ்சிய பார்த்துக்கிட்டு சொல்ல முடியல" என்றீர்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் என்னையே உங்களுக்குத் தெரியாது. அதன்பின் சாகும்வரை அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை.

இன்று ஐந்தாம் படிவத் தமிழ் வகுப்பில், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த வழக்கைத்தான் விவாதமாக நடத்தினேன். பழைய நாளிதழ்ச் செய்தியில் குற்றவாளியின் பெயரை அழித்தேன். தோட்டத்தின் பெயரை அழிக்க மறந்துவிட்டேன். தீர்ப்பைத் தமிழில் சொன்னவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லி உங்கள் கண்ணாடிக்கூட்டை மேசையில் வைத்தேன். கட்டாயத் தூக்கு இப்போது இல்லை என்றதும் ஒரே கூச்சல். "கொன்னவன சும்மா விடலாமா டீச்சர்? தூக்குதான் லா" என்றான் ஒருவன். 'சாட்சி, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்' என்று பலகையில் எழுதிவைத்தேன்.

மணி அடித்தது. ஒரு பெண் மட்டும் போகவில்லை.

"டீச்சர், இது எங்க தாத்தா கேசு."

கையிலிருந்த நாளிதழ்ச் செய்தியை மடித்தேன்.

"ஜெயில்லேருந்து பாட்டிக்குக் கடுதாசி போட்டிருந்தாரு. கோர்ட்ல யாருமே அவரு மூஞ்சிய பார்க்கலையாம். தமிழ்ல சொன்ன ஐயா மட்டும் கண்ணாடிய கழட்டிட்டு, நேரா பார்த்து சொன்னாராம். அம்மா இன்னும் அத படிச்சு அழுவாங்க. அந்த ஐயா உங்க வீட்டுக்காரருதானே? நெஜமாவே பார்த்தாரா டீச்சர்?"

அந்த நிமிடம் உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பதிலை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே. பலகையில் நான் எழுதியது அவள் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

"பார்த்தாரும்மா" என்றேன்.

மேசையிலிருந்த கண்ணாடிக்கூட்டை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பித் தந்தாள். அவள் போனபின் பலகையை அழித்தேன்.

கூண்டில் ஏறாமலே பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன். இனி அது என்னோடுதான் இருக்கும். அங்கே அவள் தாத்தாவைக் கண்டால் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பாருங்கள்.