அட்டவணை நான்கு

மார்ச் 3, செவ்வாய்
சுகாதாரச் செலவு நாட்டின் வளர்ச்சியைக் கூட்டுகிறதா என்று நிதித்துறை கேட்ட அறிக்கை முடிந்தது. தடுப்பூசிக்குச் செலவிட்டால் வளர்ச்சியில் தெரிகிறது. வேலை வயது தாண்டியவர்களின் டயாலிசிஸுக்குச் செலவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. அதை ஊர் மருத்துவமனைகளில் நிறுத்தலாம். தலைநகரில் ஒன்று போதும். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகச் செயலாளர் என் மேசைக்கே வந்தார். “வழவழன்னு இல்லாம நெத்தியடியா எழுதியிருக்கீங்க.”

மார்ச் 12, வியாழன்
வரம்பு வயது 65 என்று போட்டிருந்தேன். இன்று 60 ஆக்கினேன். அண்ணனுக்கு 63. வாரம் இரண்டு நாள் ஊர் மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ். தற்செயல்தான்.
இதை யாருக்கு எழுதிக் காட்டுகிறேன்?

மார்ச் 27, வெள்ளி
ஏற்றுக்கொண்டார்கள். வயது உட்பட.

ஏப்ரல் 21, செவ்வாய்
அண்ணி தொலைபேசியில். “தம்பி, ஒரு வார்த்தை சொல்லுங்க. அவருக்கு மட்டும் இங்கயே நடக்கட்டும்.”
“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி. அண்ணனே சொல்லிக்கொடுத்ததுதான்.”
அண்ணிக்குப் புரிந்திருக்காது. அண்ணனுக்குப் புரியும். ஒன்பதாம் வகுப்பில் அவர்தான் எனக்குக் கணக்கு ஆசிரியர். முழுப் பரீட்சையில் 34 போட்டார். தேற ஒன்று குறைவு. அம்மா கெஞ்சினாள். “தம்பிங்கிறதுக்காக ஒரு மார்க் போட்டா மத்த பையன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றான் அண்ணன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் இன்னொரு வருடம். மறப்பேனா?

மே 8, வெள்ளி
அண்ணன் மகள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “அப்பாவை இங்க டயாலிசிஸுக்குப் படுக்க வச்சுட்டு வந்தேன் சித்தப்பா. முடிய நாலு மணி நேரம் ஆகும். இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு.”
என் அறிக்கை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. அட்டவணை நான்கின் ஓரத்தில்: ‘நோயாளியை எண்ணினாய். துணைக்கு வருகிறவள் எங்கே?’
செவ்வாயும் வெள்ளியும் போக வர ஆறு மணி நேரம் பேருந்து. தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்தவளை, லீவு எடுக்கிறாள் என்று துணி மடிக்க அனுப்பிவிட்டார்களாம்.
கடைசிப் பக்கத்தில் வட்டமிட்டு 34.
“நூத்துக்கா?” என்றேன்.
“பின்ன, அம்பதுக்கா போடுவாரு?”
கதவருகே நின்று திரும்பினாள். “பக்கத்துலதான் ஆஸ்பத்திரி. நடந்தே போயிடலாம்.”
“கூட்டம் இருக்கு.”
கூட்டம் இல்லை. அட்டவணையை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. எப்பவும் அவன்தானே சரி, சனியன்.

ஜூன் 15, திங்கள்
அட்டவணை நான்கில் ‘துணைக்கு வருபவர் இழந்த வேலை நாட்கள்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. எண்ணிக்கை பெரிதாக வந்தது. வரம்பை மறுபடி 65 ஆக்க நான் சொல்லியிருக்கலாம். செயலாளர், “மூணு மாசம் பாப்போம்” என்றார். சரி என்றேன்.

ஜூலை 9, வியாழன்
அண்ணன் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, பேருந்தில், மகள் தோளில் சாய்ந்தபடி. தூங்குகிறார் என்று இரண்டு நிறுத்தம்வரை அவள் எழுப்பவில்லையாம்.
போயிருந்தேன். அண்ணி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 12, திங்கள்
மூன்று மாதக் கணக்கு வந்தது. இழந்த வேலை நாட்கள் பாதிக்கும் கீழே. செயலாளர் சிரித்தார். “பாத்தீங்களா, ஜனங்க பழகிட்டாங்க.”
பழகவில்லை. நோயாளிகள் குறைந்திருக்கிறார்கள். போனவருக்குத் துணை எதற்கு? சொல்ல வாய் எடுத்தேன். “ஆமா சார்” என்று வந்தது.
மாலையில் அண்ணன் மகளை அழைத்தேன். “வாரம் முழுக்கப் போறேன் சித்தப்பா. பழைய வேலையே குடுத்துட்டாங்க.”
“நல்லது” என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.
இரண்டாம் பதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது. சிவப்பு மைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிழையாகத் திருத்தினேன். ஒன்றும் மிச்சமில்லை.
மறுபடி மார்க் போடத்தான் ஆளில்லை.