காத்திருப்போருக்கு ஒரு பக்கம்

இன்று காலை திரையில் வந்த வாசகம் இது: இந்தப் பக்கம் உங்களை அளவுக்கு மேல் திருப்பி அனுப்பிவிட்டது. பிரவுசர் தன் வழக்கமான சலிப்போடுதான் சொன்னது. எனக்குத்தான் உன் குரல் கேட்டது. "இன்னா மச்சி, லூப்புல மாட்டிக்கினியா?" என்று சிரிப்பாயே, அந்தக் குரல். நாம் இருவரும் வெப்சைட் வேலை செய்த மந்தைவெளி அறையில் இப்போது நான் மட்டும்தான். உன் நாற்காலி எதிரிலேயே கிடக்கிறது. காலியாகத் தெரியக்கூடாதென்று அதன்மேல் கூரியர் கவர்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் பங்குக் கோயிலின், அதாவது உங்கள் பகுதி சர்ச்சின், வெப்சைட்டில்தான் பிரச்சினை. கோயில் அலுவலகத்து மேரி அக்கா போன் செய்திருந்தார், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் வகுப்பைப் பற்றி. "தம்பி, பசங்கள புதுநன்மை வகுப்புல சேக்கணும்னு புதுசா குடிவந்தவங்கல்லாம் லாகின் பண்றாங்க. உள்ளயும் போவல, வெளியயும் வரல, சுத்திக்கினே கீதாம். வெள்ளிக்கெழமையோட பேரு குடுக்கறது முடியுது. கொஞ்சம் பாருப்பா."

பார்த்தேன். நீ செய்து வைத்த அமைப்புதான். லாகின் செய்தவர் நேரே குடும்பப் பக்கத்துக்குப் போவார். நீ இன்னும் ஒப்புதல் கொடுக்காத ஆள் என்றால் அந்தப் பக்கம் அவரை லாகின் பக்கத்துக்கே திருப்பிவிடும். லாகின் பக்கமோ, இவர்தான் ஏற்கெனவே லாகின் செய்தவர் ஆயிற்றே என்று மறுபடியும் குடும்பப் பக்கத்துக்குத் தள்ளும். காத்திருப்பவர்களுக்கென்று நடுவில் ஒரு பக்கம் போடு என்று அன்றைக்கே தலைதலையாய் அடித்துக்கொண்டேன். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "அதுக்கு எதுக்கு மச்சி ஒரு பக்கம்? அவங்க லாகின் பண்றதுக்குள்ள நான் போன் பண்ணியிருப்பேன்."

பண்ணவும் பண்ணினாய். புதிதாக ஒரு பெயர் பதிவானால் உனக்கு மின்னஞ்சல் வரும். உடனே போன் காதுக்குப் போய்விடும். எந்தத் தெரு, முன்பு எந்தப் பங்கு, வீட்டில் யார் யார், எந்த அன்பியம். அன்பியம் என்றால் உங்கள் தெருக்காரர்கள் கூடி ஜெபம் செய்யும் குழு என்பதே உன் போன் பேச்சைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ஊர்க்கதை ஓடும், அடுத்தவர் வேலை கிடப்பில் கிடக்கும். ஒரே ஒரு டிக் போட்டால் எல்லாருக்கும் தானாகவே ஒப்புதல் ஆகிவிடுமே என்று நான் கத்துவேன். "யாருன்னே தெரியாம தொறந்து வுட்டா அது பங்கு இல்லடா, பஸ் ஸ்டாண்டு" என்பாய். ஆஸ்பத்திரியில் ஒரு கையில் டிரிப்ஸ் ஏற, மறு கையில் போனோடு யாரோ ஒரு புதுமாப்பிள்ளையை விசாரித்துக்கொண்டிருந்தாய். நர்ஸ் வந்து திட்டினார். நீ அவரிடமும் எந்தப் பங்கு என்று கேட்டாய்.

நீ போன பிறகும் ஒப்புதல் கொடுப்பவர் என்ற இடத்தில் உன் பெயரே இருந்திருக்கிறது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் உனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்த டிக் எனக்கு ஒரு நொடி வேலை. மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். அழுத்தவில்லை. வரிசையில் முதலில் இருந்த பெயரைப் பார்த்துப் போன் செய்தேன். ஏன் என்று கேட்காதே. வீட்டில் உன் பேச்சை எடுத்தாலே பேச்சை மாற்றுகிறார்கள், என் நல்லதுக்காம்.

கோடம்பாக்கத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் குடிவந்த ஒரு பெண். பையனை வகுப்பில் சேர்க்கக் காத்திருந்தவர். "அண்ணே, நீங்கதானா அது? ஒர்த்தரு போன் பண்ணி நல்லா பேசுவாரு, அப்பறம் தொறந்துக்கும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. அதான் கம்முனு இருந்தேன்."

நான் அவர் இல்லை என்றேன்.

"அப்ப அவரு எங்கண்ணே?"

நீ இறந்துபோன செய்தியை நான் யாருக்கும் சொன்னதே இல்லை, தெரியுமா? எல்லாரும் எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, என்னிடம் வந்து சொன்னார்கள். இன்றுதான் முதல்முறையாக என் வாயால் சொன்னேன். அந்தப் பெண் போனை வைக்கவில்லை.

"இருங்கண்ணே, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். பிறகு அவரே கேட்டார்: "அவரு எப்படிப்பட்டவருண்ணே?"

சொன்னேன். நிறையச் சொன்னேன். கடைசியில் நினைவு வந்து, பையன் பெயரையும் தெருவையும் கேட்டுக்கொண்டு ஒப்புதல் கொடுத்தேன். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். நடுவில் அந்தப் பக்கத்தையும் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வேகம் எனக்கு வராது. உங்களை ஒருவர் போனில் கூப்பிடுவார் என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மீதிப் பேரையும் கூப்பிட வேண்டும். அவர்களும் நீ எங்கே என்று கேட்பார்கள். அதற்காகத்தான் மச்சி, அந்த டிக்கை இன்னும் போடவில்லை.