பூஜை அறைக் கல்லில் விழுந்த வட்டம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
ஐப்பசி 20

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை செழியனும் அந்த ஓஸ்லோ குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி, ஆனாலும் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் லாட்ஜ்களில் அறை கிடைப்பதில்லை என்கிறார்கள். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல நான்கு முறை வாயெடுத்தேன், நான்கு முறையும் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டேன். எழுதினால் தப்பிக்க முடியாது அல்லவா.

நீ வாங்கிக்கொடுத்த பூஜை அறைக் கல்லைக் கன்னியம்மாள் பாத்ரூம் ஆசிட் ஊற்றித் துடைத்துக் கெடுத்துவிட்டாள், அதனால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன் என்று ஆவணியில் உன்னிடம் சொன்னேன். நீயும் வருத்தப்பட்டு, அவளுக்கென்று வாங்கிவைத்த சால்வையை இனி அனுப்பப்போவதில்லை என்றாய். கண்ணு, அவள் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். அம்மாவுக்குக் கால் முடியாமல் போனதிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கை நான்தான் தேய்க்கிறேன். புளியைப் பூசி அந்தக் கல்மேலேயே ஊறவைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவேன். கடைக்காரர் வெள்ளை கிரானைட் என்றார், நானும் நம்பினேன், கிரானைட்டைப் புளி என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். கல் மங்கிச் சொரசொரப்பானபோது கன்னியம்மாள் கையிலிருந்த ஆசிட் பாட்டில்தான் என் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முன் கீழ்பென்னாத்தூர் பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்தவள் அவள். கல்லைத் தடவிப் பார்த்து, "சார், இது கருங்கல்லு ஜாதி இல்லீங்க. கருங்கல்லுன்னா கறுப்பு, வெள்ளைனு கலந்து புள்ளி புள்ளியா தெரியும். இது சக்கரையாட்டம் ஒரே மாதிரி இருக்குது பாருங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் எடுத்தவனுக்கே பாடம் நடத்துறியா என்று கேட்டுச் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை கல்லின் கெடாத மூலையில் விளக்கை வைத்துப் புளி பூசினேன், வெள்ளிக்கிழமை எடுத்தால் அடியில் புதிதாக ஒரு வட்டம், விளக்கின் அடிப்பாகம் அளவுக்கே. வீட்டில் ஆசிட்டும் இல்லை, கன்னியம்மாளும் இல்லை. கல்லின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பொடிப்பொடியாக நுரைத்தது. சமையல் மேடையில் இருப்பது நிஜ கிரானைட், அதில் பிழிந்தேன், ஒன்றுமில்லை. நீ ஏழாவது படிக்கும்போது வெண்பொங்கலை வைத்துச் சொல்லிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? அரிசி தனி, பருப்பு தனி, மிளகு தனி, அவை கனிமங்கள், சேர்ந்த பொங்கல்தான் பாறை என்று. கிரானைட் அப்படித்தான், பூமிக்கடியில் மெதுவாக ஆறியதால் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்று மணிமணியாகப் பிரித்துப் பார்க்கலாம். சட்டென்று ஆறிய பாறையில் மணிகள் கண்ணுக்கே தெரியாது, வழவழப்பாக இருக்கும். நம் பூஜை அறைக் கல் மார்பிள். அதுவும் பாறைதான், ஆனால் அநேகமாகக் கால்சைட் என்ற ஒரே கனிமம், மழைக்காலத்தில் டப்பாவில் ஈரம் பட்டு இறுகிய சர்க்கரை மாதிரி. கால்சைட்டைப் புளிப்பு தின்றுவிடும். கன்னியம்மாள் சொன்னதும் இதேதான், விரலால் ஒருமுறை தடவியே சொல்லிவிட்டாள். நான் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீங்க என்று கேட்டாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அவள் வேலை செய்த மற்ற இரண்டு வீடுகளிலும், சகாதேவன் வீட்டிலும் அன்புச்செல்வி டீச்சர் வீட்டிலும், ஜாக்கிரதையாக இருங்கள் என்று நானே போய்ச் சொல்லியிருந்தேன். அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு என்னுடையது என்றேன், மறுபடி வேலைக்கு வா என்று கேட்க வாய் வரவில்லை. கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "கல்லு போனா போவுது சார். என்னைப் பத்தி எங்கெங்க சொன்னீங்களோ அங்கெல்லாம் போய் இல்லனு சொல்லுங்க. ரெண்டு வீடு, அப்புறம் பாப்பா. அது என்னைப் பத்தி என்ன நெனச்சினு இருக்குதோ."

இரண்டு வீட்டுக்கும் திங்கட்கிழமையே போய்ச் சொல்லிவிட்டேன். சகாதேவன் சிரித்தார், டீச்சர் சிரிக்கவில்லை. மூன்றாவது இந்தக் கடிதம்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பனியில் பார்த்து நடந்து போ. அந்தச் சால்வையை அனுப்பிவிடு, அவள் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் அவளுக்குப் பண்ணு.

உன் அப்பா,
ஆதிமூலம்