ஐம்பது கிராம் ஊலாங்

மார்ச் 5

"ஆறு மணி அளவை எழுதியது நான்." இன்று சொல்லாதது இவ்வளவுதான். ஐந்து சொற்கள். விசாரணை அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

எதையும் மழுப்பாமல் எழுதி வைக்கிறேன். எங்கள் இரத்த வங்கியின் குளிர்பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நான்கு முறை படியிறங்கிப் போய், எத்தனை டிகிரி என்று பார்த்து, கதவில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். எண் மட்டும். அன்றைய வேலையை முடித்துப் பூட்டுகிறவர் அடியில் ஒரே ஒரு கையெழுத்துப் போடுவார். எண் என்றைக்கும் நான்குதான். நான் சேர்ந்த நாளிலிருந்து நான்கு. அதனால் போன புதன்கிழமை இரண்டு மணிக்கு இறங்கியபோதே ஆறு மணிக் கட்டத்திலும் ஒரு 4 போட்டுவிட்டு வந்தேன். இன்னொரு முறை படி இறங்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

மூன்று மணிக்கு, கூட வேலை பார்க்கும் ஃப்ளாஸ்க் அக்கா வந்தார். "மூஞ்சியே சரியில்லையே, தலைவலியா? நீ கிளம்பு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." கிளம்பினேன். பஸ்ஸில் அந்த 4 ஞாபகம் வந்தது. போன் கையில்தான் இருந்தது.

பெட்டி மாலையில் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. மறுநாள் காலை பதினேழு டிகிரி. முப்பத்தேழு பேர் கையை நீட்டிப் படுத்துக் கொடுத்த இரத்தம், முப்பத்தேழு பை, அப்படியே அழிக்கப்பட்டது.

இன்று பொறுப்பு மருத்துவர் கேட்டார்: "ஆறு மணிக்கு யார் பாத்தது?"

"என் கையெழுத்துதானே சார் இருக்கு. நான்தான்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த 4 என்னுடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே என்னைக் காப்பாற்றிவிட்டார்.

மார்ச் 6

யாரும் எதுவும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 8

ஏதாவது செய்ய வேண்டும். நன்றியாக ஏதாவது.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாத்திரங்களை எத்தனை நாவல்களில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்! ஓரத்தில் ஆச்சரியக்குறிகூட. அலமாரி முழுக்க அவர்கள்தான். ஒருவராவது கடைக்குப் போய்ப் பரிசு தேடினாரா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

தேயிலை வாங்கலாம். அக்காவுக்கு அந்தப் பெயரே ஃப்ளாஸ்க்கால்தான் வந்தது. பால், சர்க்கரை இல்லாத வெளிறிய டீ. யாராவது முகம் சுளித்தால், "உங்களுக்கெல்லாம் பாயசம்தான் டீ" என்பார். பத்து வருடம் முன்பு யாரோ வெளிநாட்டிலிருந்து ஊலாங் என்ற தேயிலை கொண்டுவந்து தந்தார்களாம். "அந்த மாதிரி ஒண்ணு அப்புறம் குடிக்கவே இல்லம்மா" என்று ஒருநாள் சொன்னார்.

பக்கத்துக் கடையில் பை பையாகத் தொங்கும் தூசியை வாங்க மனம் வரவில்லை. நல்லதாகக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 10

தேயிலை மட்டுமே விற்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். விற்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டைவிரலில் பிளாஸ்திரி, வாயில் ஓயாத பேச்சு.

"பரிசா? மேலதிகாரிக்குன்னா டப்பா பெருசா இருக்கணும். சொந்தக்காரங்கன்னா விலை ஒட்டியிருக்கணும். உங்களுக்கு எது?"

"நன்றி சொல்றதுக்கு."

"என்ன செஞ்சாங்க?"

ஒரு டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தேன்.

"அது தெரிஞ்சாத்தானே ஐம்பது கிராமா நூறு கிராமான்னு சொல்ல முடியும்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் — எப்படி முடிந்தது?

மூன்று வகை போட்டுக் காட்டினாள். பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவில் எங்கோ நிறுத்திவிடுவதுதான் ஊலாங்காம். சீக்கிரம் நிறுத்தினால் பூ வாசனை. தள்ளி நிறுத்தி வறுத்தால் சுட்ட கொட்டையின் வாசனை. மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள். கொதி அடங்கின வெந்நீரை ஊற்றியதும் மெதுவாக விரிந்து, முழு இலையாகக் காம்போடு படுத்தன. ஒரே இலையில் ஐந்து ஆறு முறை ஊற்றிக் குடிக்கலாமாம். "முதல் தடவைல முழுசும் சொல்லாது. மூணாவதுலதான் வாயத் தொறக்கும்."

முடிவு செய்யாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 11

அம்மாவிடம் சொன்னேன், எதற்கு என்பதைத் தவிர.

"காஞ்ச இலைக்கு ரெண்டு பஸ்ஸா? ஏண்டி, ஒரு நல்ல போர்வையா வாங்கிக் குடு, பேர் சொல்லிப் போத்திப்பாங்க. அப்படி என்னதான் செஞ்சாங்க உனக்கு?"

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 13

மறுபடி போனேன். பூ வாசனையா, வறுத்ததா? அரை மணி நேரம். இதில் இவ்வளவு கவனம் காட்டுகிறவளால் குளிர்பெட்டியின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து எண்ணை எழுத முடியவில்லை. மெல்லிய வாசனை உள்ளதையே எடுத்தேன். ஐம்பது கிராம். சின்ன டப்பா, வெளிர் நீலம்.

அட்டையில் எழுத உட்கார்ந்தேன். "நீங்கள் செய்ததற்கு நன்றி." கிழித்தேன். "எல்லாவற்றுக்கும் நன்றி." இது பொய் இல்லை, உண்மையும் இல்லை. கிழித்தேன். மூன்றாவது அட்டையில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

ஒன்று தோன்றுகிறது, எழுதவே கூசுகிறது. இது நன்றியா, வாயை அடைக்கிற கூலியா? அடைப்பது அவர் வாயையா, என் வாயையா?

மார்ச் 15

அக்கா மூன்று நாளாக விடுப்பு. உடம்புக்கு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. டப்பா என் பையிலேயே போய் வருகிறது.

மார்ச் 18

காலையில், உடை மாற்றும் அறையில் வைத்துக் கொடுத்தேன். வேறு யாரும் இல்லை.

"ஊலாங்கா! உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான்க்கா ஒரு தடவ சொன்னீங்க."

"சொன்னேனா?" முகம் அப்படியே வாடிவிட்டது. "பாரு, இதுகூட ஞாபகம் இல்ல." டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கும்மா இது? நான் போறேன்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா?"

"எங்க போறீங்க?"

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம். போன வாரமே. பெஞ்சில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னிக்கு ஆறு மணிக்கு கீழ இறங்கினேனான்னு எவ்வளவு யோசிச்சாலும் வரலம்மா. பூட்டறப்போ பாக்கறேன், எண் இருக்கு. நானே எழுதிட்டு மறந்துட்டேன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன். அப்ப என்ன அர்த்தம்? பாக்காம எழுதியிருக்கேன், எழுதினதையும் மறந்திருக்கேன். எங்க பெரியக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனா... கடைசில எங்க மூஞ்சியே மறந்துபோச்சு. மத்தவங்க உசுரு இருக்கற எடத்துல நான் இருக்கக் கூடாது. மூளை டாக்டர்கிட்ட போயிருக்கேன். பயமா இருக்கும்மா."

அவர் என்னைக் காப்பாற்றவே இல்லை. அந்தத் தாளில் நான் இருப்பதே அவருக்குத் தெரியாது. பதிமூன்று நாளாக நான் நன்றி சொல்லக் கிளம்பியது யாருக்கு?

"அக்கா" என்றேன். அடுத்த சொல் வருவதற்குள் வெளியிலிருந்து கூப்பிட்டார்கள், இரத்தம் கொடுக்க ஆள் வந்திருக்கிறது என்று. அக்கா எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் வரேன், ஓடிடாதீங்க" என்று சிரித்தபடி போனார்.

பின்னாலேயே போயிருக்கலாம். போகல. ஏன் போகல? நாள் முழுக்க அதே வராந்தாவில்தானே நடந்துகொண்டிருந்தேன்!

மார்ச் 19

ஒன்பது மணிக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பொறுப்பு மருத்துவர் இரண்டு முறை படித்தார். "இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

அக்கா இன்று வரவில்லை. மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "வா வா, நீ குடுத்ததத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டாவது தடவ ஊத்தறேன். என்ன வாசனைம்மா!" என்றார். இரண்டு கோப்பை. என் கோப்பையைக் கையில் எடுக்காமல், நின்றுகொண்டே சொன்னேன். இரண்டு மணிக்கே எழுதியது. பஸ்ஸில் ஞாபகம் வந்தது. எல்லாம்.

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப... நான் மறக்கலையா?"

"இல்லக்கா."

"நான் எழுதவே இல்ல."

"நீங்க எழுதவே இல்ல."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நிம்மதியில் ஒருவர் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. தொடலாமா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்சம் கழித்துக் கையை எடுத்தபோது வேறு முகமாக இருந்தது.

"பஸ்லயே ஞாபகம் வந்துச்சா?"

"ஆமா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

என் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"இத்தன நாள், நான் தூக்கமில்லாம..." பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கோப்பையை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "சரி. போ."

போயிட்டு வா என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்கிறவர்.

மார்ச் 24

இரண்டு முறை போன் செய்தேன். மணி அடித்து நின்றது.

ஏப்ரல் 3

இன்று என்னைப் பற்றி ஒன்றும் அக்காவைப் பற்றி ஒன்றுமாக இரண்டு உத்தரவுகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. எனக்கு ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு, அதன்பின் வழக்கம்போல் வேலை. இனி ஒவ்வோர் எண்ணுக்கும் தனிக் கையெழுத்து.

அக்காவின் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை என்று மூளை மருத்துவர் சொல்லிவிட்டாராம்; வரவேற்பில் இருப்பவர் சொன்னார். ராஜினாமாவைத் திரும்பப் பெற அக்கா விண்ணப்பித்திருக்கிறார். பொறுப்பு மருத்துவரும் பரிந்துரைத்திருக்கிறார். ஏற்கப்பட்டுவிட்ட கடிதத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்று மேலிடம் பதில் எழுதிவிட்டது.

அவர் கடிதம் ஏற்கப்பட்டது மார்ச் 18, பிற்பகல். என் கடிதத்தில் இருப்பது மார்ச் 19.