மாரா ஆற்றுக்குக் கட்டிய பை

இன்று காலை கிளாசெட்டைத் திறந்ததும் பருப்புப் பொடி வாசனை வந்தது. சஃபாரிக்கென்று ஏப்ரலிலேயே நீ கட்டி வைத்த பை. குட்டி விமானத்தில் ஒரு பைக்குப் பதினைந்து கிலோதான் என்று ஏஜென்ட் சொன்னதும், ஊருக்குப் போகும்போது சூட்கேசை மாட்டும் அதே தராசில் மாட்டிப் பார்த்தாய். பதினேழு காட்டியது. என் ஸ்வெட்டரை வெளியே எடுத்தாய், பொடி டப்பாவை எடுக்கவில்லை.

"காட்டுல என்ன ரசம் சாதமா போடுவான்? ரெண்டாம் நாளே பொடி எங்கேன்னு நீங்கதான் கேப்பீங்க."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

டெக்சாஸில் இந்த கேட்டி ஊருக்கு வந்த முதல் வருடம் டி.வி.யில் பார்த்தோம். மாடு போலிருக்கும் வில்டபீஸ்ட்கள் லட்சக்கணக்கில், புல்லைத் தேடி, தான்சானியாவிலிருந்து கென்யாவுக்குள் மாரா ஆற்றை நீந்திக் கடந்தன. ஒரு ஆகஸ்டில் போயே ஆகணும் என்றாய். கிரீன் கார்டு வரட்டும் என்றேன். ஊருக்குப் போவதே, திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டுதான், சுற்றிப் பார்க்கப் போய் எதற்கு வம்பு என்பேன். ஒவ்வொரு வருடமும் நீ கேட்டாய், ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னேன்.

"அதுங்க என்ன ஸ்டாம்பிங் பண்ணிட்டா பார்டர் தாண்டுது?" என்று ஒருமுறை கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய்.

பதினோரு வருடம் கழித்து, இந்த மார்ச்சில் கார்டு வந்தது. அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டாய். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் சரிந்து விழுந்தாய். எல்லோரும் அழுதார்கள். நான் வீட்டில் காபி மேக்கரை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். உன்னை நிறுத்தி வைத்தவன் நான்தான் என்று தெரிகிறது, ஆனால் வலிக்க மாட்டேன் என்கிறது.

எத்தனை பேர் என்று இன்றைக்குள் சொல்ல வேண்டுமாம். ஏஜென்டின் மெயிலை மகளிடம் காட்டினேன்.

"ஜஸ்ட் கேன்சல் இட், அப்பா" என்றாள். மெயிலை மறுபடி படித்துவிட்டு, "அம்மா வுட் கோ" என்றாள்.

ஒருவர் என்று பதில் போட்டேன். பையிலிருந்து உன் துணிகளை எடுத்து வைத்துவிட்டு எடை பார்த்தேன். ஒன்பது கிலோ. ஸ்வெட்டரைத் திரும்ப வைத்தேன். பொடி அங்கேயே இருக்கிறது.

நீ இல்லாததால் உன் கிரீன் கார்டை அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். கவரில் விலாசமும் எழுதிவிட்டேன். கார்டு மட்டும் என் பர்சில், என்னுடையதற்குப் பின்னால் இருக்கிறது. ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து அனுப்புகிறேன்.