நட்டின் மேல் ஒரு பச்சைக் கோடு

அக்கா, என் ஸ்டெல்லாக்கா,

இல்லை, இன்னும் திறக்கவில்லை. பதினோரு மாதம் ஆகிறது. உன் ஸ்கூட்டர் கொல்லையில், முருங்கைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்த அன்று அப்பா அதன்மேல் ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போவதில்லை. நான் போகிறேன். பல் துலக்கும்போது போய் நிற்பேன். கயிற்றைத் தொட்டதில்லை.

இன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை அமலா வருகிறாள்.

நம் மாமா மகளுக்கு வத்தலக்குண்டில் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். திண்டுக்கல்லிலிருந்து தினமும் போய்வர வேண்டும். நீ போன அதே சாலை. வண்டியை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மாதான் சொன்னாள். மாமா வேண்டாம் என்றார். அமலா அடம்பிடித்தாள். "நின்ன எடத்துலயே நிக்கிறதப் பாத்துப் பாத்து எனக்கு ஆகலடி, ஓடட்டும்" என்றாள் அம்மா. மெக்கானிக் முருகேசன் அண்ணன் சனிக்கிழமை வந்து முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து தருவதாகப் பேச்சு.

நேற்று போனில் அமலா துள்ளினாள்.

"ரோஸ்லின்க்கா, அந்த வண்டி பிக்கப் பறக்கும்ல? ஒரு நாள் ஸ்டெல்லாக்கா என்னையப் பின்னாடி வச்சுக்கிட்டு செம்பட்டி வரைக்கும் ஒரு பஸ்ஸ விடாமத் தாண்டுச்சு. எதையும் மாத்திராத. அப்படியே குடு."

சரி என்றேன். அப்படியே என்றால் எப்படி? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதே.

என்றாவது இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ வத்தலக்குண்டில் கணக்கு டீச்சர். காலை ஏழேகாலுக்குக் கிளம்புவாய். சாயங்காலம் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டே திட்டுவாய். "எத்தன நாளுடி பஸ் பொகையக் குடிச்சுக்கிட்டே போறது? மல்லியப்பூ ஏத்துன டெம்போகூட என்னையத் தாண்டிட்டுப் போறான். போறவன் சும்மாப் போறானா, ஹாரன் வேற அடிக்கிறான்."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் காற்று வடிகட்டி. அடுத்து கிளட்ச் ஸ்பிரிங். பெட்டி பெட்டியாகக் கூரியர் வந்தது. ஒன்றை அம்மா பிரித்துவிட்டாள். மூன்று ஸ்பிரிங்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "பேனாவுக்குப் போடுற ஸ்பிரிங்குக்கா இம்புட்டுப் பெரிய பொட்டி?"

முருகேசன் அண்ணன் கைவைக்க மறுத்தார்.

"கம்பெனிக்காரன் படிச்சுட்டுத்தான டீச்சர் செஞ்சிருக்கான்?"

"நான் படிக்கலையாண்ணே?"

"நீங்க படிச்சது கணக்கு."

"இதுவும் கணக்குத்தாண்ணே."

ஆகவே நாமே செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்து, பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு. வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து.

கடைசியாக வாங்கியவை அந்த ஆறு உருளைகள். வண்டியின் இடதுபக்க மூடிக்குள், பெல்ட்டை ஓட்டுகிற சக்கரத்துக்குள் இருப்பவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு. கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு லேசானதைப் போட்டால் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும். அந்தச் சக்கரம் மொத்தத்தையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு.

கிளட்ச் நட்டைப் போலவே அதை இறுக்கவும் இரண்டு பேர் வேண்டும். சக்கரம் சுற்றிவிடாமல் ஒருவர் இரும்புப் பிடியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் ஸ்பானரில் குழாயைச் செருகி இழுக்க வேண்டும். நீ பிடிப்பாய். நான் இழுப்பேன். கடைசி இழுப்பில் உன்னிடமிருந்து ஒரு சொல் வரும்: "போதும்டி, ஒடிச்சிராத."

அப்புறம் கோடு. நட்டிலிருந்து அது ஏறியிருக்கும் தண்டு வரை நகப்பூச்சால் ஒரு நேர்க்கோடு. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். உனக்குச் சிவப்பு. எனக்குப் பச்சை. இறுக்கினவள்தான் போட வேண்டும் என்பது உன் சட்டம். "பேப்பர் திருத்துனவதான கையெழுத்துப் போடணும்?"

அந்த ஞாயிறு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது.

உருளைகளை வைத்தோம். நட்டைக் கையால் ஏற்றினேன். ஸ்பானரால் ஒரு சுற்று. குழாயைத் தேடினேன், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்போது தூறல். நீ கொடியில் கிடந்த சேலைகளை எடுக்க ஓடினாய். என் கையில் பச்சைப் புட்டி, மூடி திறந்தபடி. எப்போது திறந்தேன்? கோடு போட்டேன். அது நன்றாக நினைவிருக்கிறது. நேராக வந்ததில் ஒரு சந்தோஷம்கூட. பிறகு மழை வலுத்தது. வண்டியைத் தகரத்துக்கு அடியில் தள்ளினோம். மூடியைப் போட்டோம். எட்டு போல்ட்டு.

கடைசி இழுப்பு எங்கே? குழாயை எடுத்தேனா? "போதும்டி" காதில் விழவில்லையே, அக்கா. பதினோரு மாதமாகத் தேடுகிறேன். மழைச் சத்தம் கேட்கிறது. நீ சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரிப்பது கேட்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

நான்காம் நாள் வியாழன். செம்பட்டி தாண்டி.

பூக்கூடையோடு அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் துக்கத்துக்கு வந்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பஸ்ஸத் தாண்டிப் பாதி வந்துருச்சும்மா புள்ள. அப்புறம் வண்டி அப்படியே தொஞ்ச மாதிரி ஆயிருச்சு. எதுக்க வேன் வந்துட்டான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் அழுதார்கள். நான் அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தொஞ்ச மாதிரி. நட்டு தளர்ந்தால் வண்டி அப்படித்தான் ஆகும். இயந்திரம் கத்தும், பெல்ட்டு வழுக்கும், இழுவை இருக்காது.

விபத்தைச் சோதிக்க வந்த அதிகாரி பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், டயர் பார்த்தார். அடிபட்டதெல்லாம் வலது பக்கம். இடது மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அதிலிருந்து என் வலது கை எதையாவது இறுக்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் பாட்டில். குளியலறைக் குழாய். மதுரையில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பேனா மூடி. வீட்டில் கேஸ். "எத்தன தடவைடி மூடுவ? குமிழு கையோட வந்துரப் போகுது" என்கிறாள் அம்மா. எழுந்து போய் மறுபடி பார்க்கிறேன்.

யாரிடம் சொல்வது? அம்மாவிடமா? அம்மா, உன் மூத்த மகள் போனதற்கு உன் இளைய மகள் காரணமாக இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றா?

திறந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் திறக்கவில்லை. இப்போது சனிக்கிழமை வருகிறது. திறக்காமல் கொடுத்தால் அந்த நட்டை நம்பி அமலா போவாள்.

*

வெள்ளிக்கிழமை. மிச்சத்தை எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் போகவில்லை. பதினோரு மணி வெயில். அம்மா அடுப்படியில் இருந்தாள். கயிறு இறுகிப்போயிருந்தது, அரிவாளால் அறுத்தேன். தார்ப்பாய்க்குள் காய்ந்த முருங்கைப் பூ. உன் ஹெல்மெட் கொக்கியில் ஒரு குளவிக் கூடு.

எட்டு போல்ட்டில் ஏழு உடனே வந்தது. அடியில் இருந்த ஒன்று துருப்பிடித்து அடம்பிடித்தது. ஒரு நிமிடம், அது வராமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். வந்துவிட்டது.

மூடியை இழுத்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பச்சை. உடைந்திருந்தது. தண்டில் ஒரு பாதி பன்னிரண்டு மணிக்கு நேராக. நட்டில் இருந்த மறுபாதி இரண்டு மணிக்கு நேராக.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டது, அடங்கியது. நகர்ந்திருக்கிறது. நகர்ந்திருக்கிறது. இது மட்டும்தான் மண்டைக்குள்.

பிறகுதான் சிவப்பைப் பார்த்தேன்.

கறுப்புத் தூசிக்கு அடியில் இருந்தது. விரலால் துடைத்தேன். நட்டிலிருந்து தண்டு வரை, ஒரு முடி அளவு விலகல்கூட இல்லாமல், உன் கோடு. நட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பெல்ட்டு அதன் இடத்தில் இருந்தது.

இரண்டு மணிப் பக்கம் என்றால் நட்டு தளர்கிற பக்கம் இல்லை. இறுகுகிற பக்கம். நான் விட்டுவிட்ட அந்தக் கடைசி இழுப்பை எனக்குப் பிறகு நீ இழுத்திருக்கிறாய்.

ஆனால் தனியாக எப்படி? இரண்டு பேர் வேண்டுமே. யார் பிடித்தது?

"வெஞ்சனம் வச்சுட்டேன், சாப்பிட வாரியா? ஏன்டி இப்படி உக்காந்திருக்க?" அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். திறந்து கிடந்த வண்டியைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"அம்மா, அக்கா இத மறுபடி இறுக்கியிருக்கு. தனியா முடியாதே. யாரு புடிச்சா?"

"நான்தான் புடிச்சேன். அதுக்கென்ன?"

எப்போது என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம. நீ காலேஜுலேருந்து வரல. இடது பக்கம் என்னமோ தட்டுதும்மா, செத்த நேரம் இந்தக் கம்பியப் புடின்னா. கையெல்லாம் கிரீசு. அந்தக் கையோடதான் அந்தோனியார் நவநாளுக்குப் போனேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. மழையில பாதியிலயே கோட்டப் போட்டுட்டாம்மா, தெரிஞ்சா ரெண்டு நாள் சோறு திங்க மாட்டான்னா." அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கேட்டியா? கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல."

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும், மண்ணில் உட்கார்ந்தபடி. பூக்காரப் பெண் சொன்ன வார்த்தை வரைக்கும். முடித்ததும் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"இதையா உள்ள வச்சிருந்த? இதுக்குத்தான் கேஸ அத்தன தடவ மூடுனியா? மாதாவே."

அம்மா அழுதாள். நான் அழுதேனா என்று தெரியவில்லை.

நட்டு தளரவில்லை, அக்கா. வண்டி தொய்யவில்லை. அப்படியென்றால் நீயேதான் பாதியில் வேகத்தைக் குறைத்திருக்கிறாய். ஏன்? வேனைப் பார்த்துவிட்டா? பஸ்ஸுக்குப் பின்னால் திரும்பிவிடலாம் என்று நினைத்தாயா?

இன்னொன்று. அந்த ஆறு உருளைகள் இல்லாமல் இருந்திருந்தால் நீ அந்த இடத்தில் பஸ்ஸைத் தாண்ட வண்டியை வெளியே எடுத்திருப்பாயா? புகையைக் குடித்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாயா? இதற்குச் சிவப்புக் கோட்டில் பதில் இல்லை. நீயும் சொல்லப்போவதில்லை. ஆசைப்பட்டது நீ. பொருத்தியது நாம் இருவரும்.

பழைய உருளைகளை நீ பிஸ்கட் டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தாய். எடுத்து வந்தேன். அவற்றைப் போட வேண்டும் என்றால் நட்டைக் கழற்ற வேண்டும். நட்டைக் கழற்றினால் கோடு உடையும்.

அம்மாவிடம் இரும்புப் பிடியைக் கொடுத்தேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"அவ போட்ட கோடு போயிருமேடி."

"போயிரும்மா."

அம்மா இன்னும் அழுத்திப் பிடித்தாள். நான் குழாயைச் செருகி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் நட்டு விட்டது. சிவப்பு இரண்டாகியது.

லேசான ஆறையும் எடுத்தேன். உன் தூசியைத் துடைத்தேன். பழைய ஆறையும் வைத்தேன். நட்டைக் கையால் ஏற்றி, ஸ்பானரால் சுற்றி, குழாயை எடுத்து முழு உடம்பாலும் இழுத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள்.

"போதும்டி, ஒடிச்சிராத" என்றாள்.

அது உன் சொல் என்று அம்மாவுக்குத் தெரியுமா? இல்லை, அவளிடமிருந்துதான் நீ எடுத்துக்கொண்டாயா?

அதற்குப் பிறகுதான், அக்கா, அதற்குப் பிறகுதான் பச்சைப் புட்டியைத் திறந்தேன்.

நாளை அமலா திட்டுவாள். "அப்படியே குடுன்னு சொன்னேன்ல" என்பாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன். உள்ளே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, நான் எதை மறந்தேன், நீ எதைச் சரிசெய்தாய். எதையும் விடமாட்டேன். அப்புறம் இன்னொன்றும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒரு பயம் வந்தால் அன்றைக்கே அம்மாவிடம் கேட்டுவிடுவேன். நீயும் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே?

நீ பிடிக்க, குழாயை இழுத்த
உன் தங்கை ரோஸ்லின்

மூடியைப் போட்டு எட்டு போல்ட்டையும் இறுக்கினேன். தார்ப்பாயை மடித்துப் பரணில் வைத்தேன். மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.