இரண்டு கிலோ முந்நூறு

நவம்பர் 9

வெள்ளையாகக் காயப்போட்ட தலையணை உறை சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது. பிஷ்கெக்கில் குளிர்காலம் தொடங்கிவிட்டதை வானொலி வந்தா சொல்ல வேண்டும்?

நாற்பத்து நான்கு வயதில் எனக்கு ஆறு மாத வயிறு. கட்டிக்கொடுத்த மகள் பெர்மெத் இன்னும் உண்டாகவில்லை, அம்மா முந்திக்கொண்டாள். தையல்காரி என்பதால் கூடாரம் போல ஒரு கோட்டுத் தைத்து மறைத்துக்கொண்டு திரிகிறேன். எதிர்வீட்டு மருமகள் மீரிம் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, கோட்டுக்குள்ள யாரு?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கும் இரண்டு மாதம் என்று காதில் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும்.

நவம்பர் 21

என் வீட்டுக்காரர் தொலோன் மலிவு நிலக்கரி இறக்கினார். பாதி கல், பாதி தூசி. பற்றவைக்க என் தையல் வெட்டுத் துணிகள் இருக்கவே இருக்கின்றன. செயற்கை இழை ஜோராக எரியும். நேற்று எரிந்தது பள்ளிச் சீருடைத் துணி. "பள்ளிக்கூடத்தையே கொளுத்திட்டியா சாய்ரா?" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். தெருவே இருமினால் அது இருமல் இல்லை, பேச்சு.

டிசம்பர் 4

ஸ்கேன். மருத்துவர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"புகை பிடிப்பீங்களா?"

"என்ன கேள்விம்மா இது! சிகரெட்டைக் கையால தொட்டதில்லை."

"வீட்டுல அடுப்பு?"

"நிலக்கரி."

"அது மட்டுமா?"

சொன்னேன். துணி வரைக்கும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

பிள்ளை மாதத்துக்கேற்ற வளர்த்தி இல்லையாம். வயதும் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் குளிர்காலத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம் என்றார். புகை உங்கள் நெஞ்சோடு நிற்காது, இரத்தத்தில் கலக்கும், பிள்ளைக்குப் போகிற பிராணவாயு குறையும் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பெர்மெத் நாலு கிலோ. தூக்கிக் காட்டிய தாதிக்குக் கை வலித்தது. என் வயிற்றிலா சவலை?

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் சாப்பிட்டதை மட்டும் சாப்பிடுகிறது என்று நினைத்தேன். நான் மூச்சு விடுவதையுமா? அங்கே உள்ளேயுமா? கதவில்லை, ஜன்னலில்லை, யார் விட்டார்கள் புகையை உள்ளே?

நான்தான். வேறு யார்.

டிசம்பர் 6

துணி எரிப்பதை நிறுத்தினோம். நிலக்கரியையும் நிறுத்திப் பார்த்தோம். காலையில் வாளித் தண்ணீர் உறைந்திருந்தது. தொலோன் பனிக்கட்டியை உடைத்தபடி, "இப்போ பிள்ளைக்குப் புகையில்லை, விறைப்புதான்" என்றார். சிரிப்பு வரவில்லை, இருவருக்கும். மறுபடி மூட்டினோம். நாங்கள் மூட்டாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் புகை எங்கள் வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது.

டிசம்பர் 8

அடுப்பில்லாத வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. எட்டாவது மாடி, அறைக்கு அறை ஓடும் வெந்நீர்க் குழாய்ச் சூடு. சம்பந்தியம்மா உர்கியாவின் வீடு.

பாத்திரம் துடைக்கும் துணிக்குக்கூட இஸ்திரி போடுகிறவள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அதே உர்கியா.

"சம்பந்தி வீட்டுல போய் வயித்தோட உட்காருவியா? என் மானம் என்னாகும்?" என்றார் தொலோன்.

"போகட்டும்யா மானம். பிள்ளை போகக் கூடாது."

டிசம்பர் 10

உர்கியா கதவைத் திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"இது எப்போ?"

"போன வசந்த காலத்துல, சம்பந்தி."

பெர்மெத் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். சிரிக்கவா அழவா, தெரியவில்லை. நான் காரணத்தைச் சொன்னேன். உர்கியா தன் படுக்கை விரிப்பை மாற்றி, "இதுல படுங்க. நான் கூடத்துல படுத்துக்கறேன்" என்றார். அப்புறம், "இஸ்திரி போட்டதுதான்" என்றார்.

ஐயோ. யார் போய்ச் சொன்னது!

டிசம்பர் 11

ஜன்னலருகே போனேன். எங்கள் தெருவைத் தேடினேன். தெரு இல்லை. பழுப்பு நிறத்தில் அழுக்குக் கம்பளி ஒன்று தரையை மூடிக் கிடந்தது, அவ்வளவுதான். இருபது வருடம் அதற்குள்ளேயா இருந்தேன்? அதற்குள்ளே நின்றுகொண்டுதான் துணி உலர்த்தினேனா? தொலோன் இப்போது அதற்குள்தான் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

டிசம்பர் 29

உதைத்தது. பலமாக. உர்கியாவைக் கூப்பிட்டு வயிற்றில் அவர் கையை வைத்தேன். எடுக்கவே மறந்துவிட்டார்.

ஜனவரி 16

மறுபடி ஸ்கேன். பிள்ளை வளர்ந்திருக்கிறது. ஆனால் மாதத்தை எட்டிப் பிடிக்கவில்லை. "வீடு மாறி வந்தது நல்லதுதான். இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் மருத்துவர். இந்த 'இன்னும் முன்னாடி'யை எங்கே கொண்டு போய் வைப்பது?

பிப்ரவரி 13

பெண். மாதம் நிறைந்துதான் பிறந்தாள். தாதி, "ரெண்டு கிலோ முந்நூறு" என்றாள்.

"திரும்ப நிறுத்துப் பாரு. முழுசா வச்சிருக்க மாட்டே" என்றேன்.

திரும்ப நிறுத்தாள். அதேதான்.

கையில் கொடுத்தபோது எடையே இல்லை. அக்காவின் சட்டையைப் போட்டதுபோல் தோல் தொளதொளவென்று. தொடை என் விரல் தடிமன். அழக்கூடப் பெரிதாக வரவில்லை, கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். இந்த வாயாடி பேசவில்லை என்று தாதி பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 15

பால் குடிக்கிறாள். குடித்துக்கொண்டே களைத்துத் தூங்கிவிடுகிறாள். உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. சூடு தங்கவில்லை என்று என் மார்போடு கட்டிவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 22

உர்கியா வீட்டுக்கு வந்துவிட்டோம். மீரிம் தொலைபேசியில் விசாரித்தாள். எடுத்தவர் உர்கியா.

"மூணு கிலோ நானூறு. குண்டுப் பொண்ணு" என்றார், கண் சிமிட்டாமல்.

திகைத்துப்போனேன். வாயில் பொய்யே வராத மனுஷி. எனக்காக, என் மானத்துக்காக ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிச் சொல்கிறார். அப்படியே விட்டிருக்கலாம். தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருக்கலாம். ஆனால் கேட்கிறவள் மீரிம். அவள் வயிறும் அந்தக் கம்பளிக்குள்தானே இருக்கிறது?

தொலைபேசியைப் பிடுங்கினேன்.

"பொய்டீ, மீரிம். ரெண்டு முந்நூறு. புகைதான் காரணமா இருக்கணும்கிறாங்க. ஊரெல்லாம் சொல்லு, நானே சொல்லச் சொன்னேன்னு சொல்லு. நீ அடுப்புப் பக்கம் உட்காராதே."

"ஜன்னலைத் திறந்து வைக்கட்டுமா அக்கா?"

"திறந்தா தெருப் புகை வரும்."

"அப்போ நான் எங்கே போறது?"

தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கித் திரும்பிப் பார்த்தேன்.

உர்கியா குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சு."

கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மெத்தையைச் சொந்தமா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."